ஹார்ட் டிஸ்க் சத்தத்தை அடக்கியது எப்படி: என் அனுபவம்

எங்கள் வீட்டில் கம்ப்யூட்டர் இருப்பது படுக்கையறையில். இரவில் டவுன்லோடு போட்டுவிட்டுப் படுத்தால் 'ம்ம்ம்' என்று ஒரு ரீங்காரம். மேசையில் கை வைத்தால் விரல் நுனியில் அதிர்வு தெரியும். குழந்தை தூக்கம் கலைந்து அழும்.

கேபினெட் ஃபேன்தான் காரணம் என்று நினைத்து அதை மாற்றினேன். சத்தம் அப்படியே இருந்தது. அப்புறம் மின்சாரத்தை நிறுத்தி, ஹார்ட் டிஸ்க்கின் நாலு திருகையும் கழற்றி, மடித்த துண்டின் மேல் வைத்து ஓடவிட்டேன். பாதிக்கு மேல் அடங்கிவிட்டது! என் டிஸ்க் 7200 ஆர்பிஎம், அதாவது நிமிடத்துக்கு 7200 சுற்று; நொடிக்கு 120 சுற்று. அந்த அதிர்வு திருகு வழியாகத் தகரக் கூட்டுக்குள் இறங்கி, மொத்தப் பெட்டியையும் தம்புரா மாதிரி மீட்டியிருக்கிறது.

பழைய சைக்கிள் டியூபை வெட்டி, டிஸ்க்குக்கும் கூட்டுக்கும் நடுவே வாஷராக வைத்தேன். திருகை இறுக்கி முறுக்கக் கூடாது, ரப்பர் நசுங்கினால் பயனில்லை. துண்டின் மேலேயே விட்டுவிடவும் கூடாது, டிஸ்க் சூடாகும்.

அடுத்த மாதம் சென்னை ரிச்சி தெருவில் சின்ன எஸ்எஸ்டி (சிப்பிலேயே தகவலைச் சேமிக்கும் டிரைவ்) ஒன்று வாங்கி விண்டோஸை அதற்கு மாற்றினேன். அதில் சுழலும் பாகமே கிடையாது. படம், பாட்டு வைக்க மட்டும் மெதுவாகச் சுழலும் 5400 ஆர்பிஎம் ஹார்ட் டிஸ்க். பெரிய கொள்ளளவுக்கு இன்றும் அதுதான் மலிவு. வேலையில்லாத நேரத்தில் அது சுழலாமல் நிற்கும்படி பவர் செட்டிங்கில் 20 நிமிடம் வைத்திருக்கிறேன். இப்போது இரவில் கேட்பது சுவர்க் கடிகாரம் மட்டும்தான்.