நாட்டின் முதலீடு வளர்ந்தது என்னும்போது சறுக்கும் இடங்கள்

மார்த்தாண்டத்தில் பத்து சென்ட் இடம் வாங்கியவர் அதை முதலீடு என்பார். ஆனால் நாட்டின் முதலீட்டை அளக்கும் ‘மொத்த நிலை மூலதன உருவாக்கம்’ (கட்டிடம், இயந்திரம் போல நீடித்து உழைக்கும் சொத்துகளுக்கு ஆகும் செலவு) என்ற கணக்கில் அந்த நிலத்தின் விலை சேராது. ஒரு கையிலிருந்து இன்னொரு கைக்குப் போனதுதான். பத்திரச் செலவும் புரோக்கர் கமிஷனும் மட்டும் ஏறும். அங்கே வீடு எழும்பினால் கட்டுமானச் செலவு சேரும். பங்கும் பேங்க் டெபாசிட்டும் கிடையாது. தங்கம் ‘மதிப்புப் பொருள்கள்’ என்று தனி வரியில் நிற்கும். எது உள்ளே, எது வெளியே என்று பாராமல் சதவீதத்தைப் பேசுவதுதான் முதல் தவறு, பெரிய தவறும் அதுவே.

குளச்சலில் புது விசைப்படகு இறக்கினால் சேரும். குடும்பத்துக்கு வாங்கிய கார் நுகர்வு. படகு என்ஜினுக்கு ஆயில் மாற்றுவது பராமரிப்பு. என்ஜினையே மாற்றிப் படகின் ஆயுளைக் கூட்டினால் முதலீடு. ரப்பர் மறுநடவைப் பலர் விட்டுவிடுகிறார்கள். பால்வெட்டுக்கு வர ஏறக்குறைய ஏழு ஆண்டு ஆகும். அதுவரை நடவுக்கும் வளர்ப்புக்கும் ஆவது முதலீடு, அப்புறம் கிடைக்கும் பால் உற்பத்தி.

‘மொத்த’ என்ற சொல்லையும் தாண்டிப் போகிறார்கள். முப்பந்தலில் பழைய காற்றாலையைக் கழற்றிப் புதிது நிறுத்தினால் புதியதன் முழு விலையும் கணக்கில் ஏறும், தேய்மானம் கழிக்கப்படுவதில்லை. அதனால் முதலீடு 5% கூடியது என்றால் நாட்டின் சொத்து இருப்பு 5% கூடியது என்று பொருளல்ல.

அடுத்தது விலை. முதலீடு 100 ரூபாயிலிருந்து 112 ஆனது. சிமென்ட், கம்பி, இயந்திர விலை 7% ஏறியது. உண்மை வளர்ச்சிக்கு 112-ஐ 1.07-ஆல் வகுக்க வேண்டும்: சுமார் 104.7. வளர்ச்சி 4.7%, 12% அல்ல. இதற்கு நுகர்வோர் விலைக் குறியீட்டை எடுப்பவர்களும் உண்டு. ஏத்தம்பழம் விலை ஏறியதற்கும் டர்பைன் விலைக்கும் என்ன சம்பந்தம்? மூலதனப் பொருள்களின் விலைக் குறியீடே வேண்டும். டாலரில் கொடுத்த எண் என்றால் ரூபாய் மதிப்புச் சரிவும் அதற்குள் ஒளிந்திருக்கும்.

10% சரிந்து மறு ஆண்டு 10% வளர்ந்தால் பழைய இடத்துக்கு வந்தாயிற்று என்பார்கள். 100, 90, 99. இன்னும் 1 பாக்கி. 2020-21 பெருந்தொற்றுச் சரிவுக்கு அடுத்த ஆண்டின் சதவீதத்தை மட்டும் வைத்துப் பேசுவதும் இதே ரகம். 2019-20 அளவோடும் ஒப்பிடுங்கள்.

2004-05 விலையை அடிப்படையாக வைத்துக் கணக்கிட்ட எண் வரிசையையும் 2011-12 விலையை அடிப்படையாக வைத்த வரிசையையும் அப்படியே ஒட்டாதீர்கள். இரண்டிலும் இருக்கும் ஒரு பொது ஆண்டின் விகிதத்தால் பழைய எண்களைப் பெருக்கி இணைக்கலாம். காலாண்டு எண்ணை முந்தைய ஆண்டின் அதே காலாண்டோடு ஒப்பிடுங்கள். முதல் மதிப்பீடு பின்னர் திருத்தப்படும். எந்தத் தேதியில் வெளியான எண் என்று பக்கத்தில் குறித்துக்கொள்ளுங்கள்.

தேசியக் கணக்கு இந்த எண்ணை மாவட்டவாரியாகப் பிரித்துத் தருவதில்லை. குமரி மாவட்ட முதலீடு இத்தனை சதவீதம் வளர்ந்தது என்று யாராவது சொன்னால், பெரும்பாலும் அது வங்கிக் கடன் கணக்கோ தொழில் பதிவுக் கணக்கோதான்.