தலைவலியை கைடிடம் மறைக்காதீர்கள்: எவரெஸ்ட் பேஸ் கேம்ப் போகிறவர்களுக்கு

எவரெஸ்ட் பேஸ் கேம்ப் போகிற வழியில் லோபுசே, 4,940 மீட்டர். சாயங்காலம் ஆறு மணி இருக்கும். லாட்ஜின் சாப்பாட்டு அறையில் யாக் சாணி எரிகிற அடுப்பைச் சுற்றி எல்லோரும் உட்கார்ந்திருந்தோம். கைடு என் நண்பனையே பார்த்துக்கொண்டிருந்தார். அவன் வந்ததிலிருந்து கையுறையைக் கழற்றவில்லை, தட்டைத் தொடவில்லை, எதைக் கேட்டாலும் ஒரே பதில், "நல்லாத்தான் இருக்கேன்". கைடு எழுந்து, தரையில் இரண்டு பலகைகள் சேர்கிற கோட்டைக் காட்டி, ஒரு காலின் குதிகாலை இன்னொரு காலின் விரல்நுனியில் ஒட்டிவைத்து அப்படியே நடந்து வரச் சொன்னார். மூன்றாவது அடியில் பக்கத்திலிருந்த பெஞ்சைப் பிடித்தான். நான் சிரித்துவிட்டேன். கைடு சிரிக்கவில்லை, போர்ட்டரைக் கூப்பிட்டு டார்ச் எடுக்கச் சொன்னார்.

அவனுக்குத் தலைவலி ஆரம்பித்தது இரண்டு நாள் முன்பு, திங்போசேயில். கைடிடம் சொல்லவில்லை. எனக்குத் தெரியும், நானும் சொல்லவில்லை. சொன்னால் நிறுத்திவிடுவார், காசெல்லாம் போச்சு, ஆபீஸில் கேலி பண்ணுவார்கள், இதுதான் கணக்கு. கைடோடு போகிற பயணத்தில் நிறைய பேர் செய்கிற தப்பு இது. கைடுக்கு வழி தெரியும், வானிலை தெரியும், நம் முகத்தைப் பார்த்து ஓரளவு ஊகிக்கவும் தெரியும். ஆனால் நம் தலைக்குள் என்ன நடக்கிறது என்பதை நாம் சொன்னால்தான் அவருக்குத் தெரியும்.

இந்தத் தலைவலி உயர நோயின் ஆரம்பம். முதலில் அது ஏன் வருகிறது என்று பார்த்துவிடலாம். மேலே போனால் காற்றில் ஆக்சிஜன் சதவீதம் குறைவதில்லை, எங்கும் 21தான். குறைவது காற்றழுத்தம். பேஸ் கேம்ப் இருக்கிற 5,364 மீட்டரில் அழுத்தம் கடல்மட்டத்தில் இருப்பதில் கிட்டத்தட்ட பாதி, அதனால் ஒவ்வொரு மூச்சிலும் உள்ளே போகிற ஆக்சிஜனும் பாதி. உடம்பு இதைச் சமாளிக்க வேகமாக மூச்சு விடுகிறது, அதில் கரியமில வாயு அதிகமாக வெளியேறி ரத்தத்தின் காரத்தன்மை ஏறுகிறது, அதைச் சிறுநீரகம் சரிசெய்ய ஒன்றிரண்டு நாள் எடுக்கும். அந்த நாட்களைக் கொடுக்காமல் ஏறினால்தான் வம்பு. ஜிம் உடம்புக்கும் இதற்கும் சம்பந்தமில்லை. சொல்லப்போனால் தெம்பாக இருப்பவன்தான் வேகமாக ஏறி மாட்டிக்கொள்கிறான். என் நண்பன் மாரத்தான் ஓடுகிறவன்.

நம் ஊரில் இதற்குப் பயிற்சி எடுக்க இடமும் இல்லை. தொட்டபெட்டா உச்சியே 2,637 மீட்டர்தான், நடை ஆரம்பிக்கிற லுக்லாவில் விமானம் இறங்குகிற இடம் அதைவிட 200 மீட்டருக்கு மேல் உயரம். அதனால் கொடைக்கானலில் எனக்கு ஒன்றும் ஆகவில்லையே என்பதை வைத்துக் கணக்குப் போடாதீர்கள். மாடிப்படி ஏறி இறங்குவது காலுக்கு நல்லது, அவ்வளவுதான்.

பணம் கட்டும் முன் செய்ய வேண்டியதுதான் பெரிய தடுப்பு. பேக்கேஜ் மொத்தம் எத்தனை நாள் என்று பார்க்காதீர்கள், லுக்லாவுக்கும், பேஸ் கேம்புக்கு முந்தைய கடைசித் தங்குமிடமான கோரக் ஷெப்புக்கும் நடுவில் எத்தனை இரவு தூங்குகிறீர்கள் என்று எண்ணுங்கள். ஒழுங்கான திட்டம் இப்படி இருக்கும்: பாக்திங்கில் ஒரு இரவு, நாம்சே பஜாரில் (3,440) இரண்டு, தெங்போசேயில் (3,860) ஒன்று, திங்போசேயில் (4,410) இரண்டு, லோபுசேயில் ஒன்று, அப்புறம் கோரக் ஷெப். 3,000 மீட்டருக்கு மேல், தூங்குகிற உயரம் ஒரு நாளைக்கு சுமார் 500 மீட்டருக்கு மேல் ஏறக்கூடாது, மூன்று நான்கு நாளுக்கு ஒருமுறை அதே இடத்தில் இன்னொரு இரவு தங்க வேண்டும் என்பது பொது விதி. நாம்சேயிலும் திங்போசேயிலும் இரண்டிரண்டு இரவு வைப்பது இதற்காகத்தான். அதில் ஒன்றை வெட்டி "பத்தே நாளில் பேஸ் கேம்ப்" என்று விற்றால் வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள். திரும்பும்போது ஹெலிகாப்டரில் வந்து நாளை மிச்சம் பிடித்தால் பரவாயில்லை, ஏறும்போது மிச்சம் பிடிக்கக்கூடாது. கூடவே ஒன்று கேளுங்கள்: குழுவில் ஒருவருக்கு முடியவில்லை என்றால் அவரோடு இறங்க இரண்டாவது ஆள் உண்டா? ஒரே கைடு என்றால் ஒன்று எல்லோரும் இறங்க வேண்டும், இல்லையென்றால் நோயாளி தனியாக இறங்க வேண்டும். தனியாக இறக்கிவிடுவது மட்டும் நடக்கவே கூடாது.

ஓய்வு நாள் என்றால் படுத்துக் கிடப்பதில்லை. நாம்சேயிலிருந்து 3,880 மீட்டரில் இருக்கிற எவரெஸ்ட் வியூ ஹோட்டல் வரை ஏறி, ஒரு டீ குடித்துவிட்டு, இறங்கி வந்து நாம்சேயில் தூங்குங்கள். மேலே ஏறி, கீழே தூங்குவது உடம்பைப் பழக்குகிற பழைய வழி.

மற்ற நாட்களில் பேசிக்கொண்டே நடக்க முடிகிற வேகம் போதும். பேச்சு மூச்சிரைப்பில் அறுந்தால் வேகம் அதிகம் என்று அர்த்தம். எங்கள் கைடு நிமிஷத்துக்கு ஒருதரம் "பிஸ்தாரை, பிஸ்தாரை" என்பார், நேபாளியில் மெதுவாக என்று பொருள். அவரை நாங்கள் "தாய்" என்று கூப்பிட்டோம், நேபாளியில் அது அண்ணன். நம் காதுக்கு அம்மா. ஒருவிதத்தில் சரியாகத்தான் இருந்தது.

சாப்பாடு பற்றிச் சுருக்கமாக. பசி இருக்காது, இருந்தாலும் சாப்பிட வேண்டும், பருப்பும் சோறுமாக வருகிற தால் பாத் நமக்கு ஒத்துக்கொள்ளும், கேட்டால் மறுபடி போடுவார்கள். தண்ணீர் மூன்று நான்கு லிட்டர், சிறுநீர் வெளிர் நிறத்தில் போனால் போதும். பயத்தில் ஆறேழு லிட்டர் குடித்தால் ரத்தத்தில் உப்பு இறங்கி அது தனி ஆபத்து. பூண்டு சூப் குடித்தால் ஒன்றும் வராது என்று எல்லா லாட்ஜிலும் சொல்வார்கள், நன்றாகத்தான் இருக்கிறது, குடியுங்கள், ஆனால் அதை மருந்தாக நம்ப வேண்டாம். மதுவும் தூக்க மாத்திரையும் கூடாது, இரண்டும் இரவில் மூச்சைக் குறைக்கும். அப்புறம், தினம் மூன்று வேளை காபி குடிக்கிறவர்கள் மலையில் திடீரென்று நிறுத்தினால் அதற்கே தலை வலிக்கும், பிறகு எது எந்தத் தலைவலி என்று குழம்புவீர்கள். இன்ஸ்டன்ட் காபி பொட்டலம் எடுத்துப் போங்கள்.

மாத்திரை விஷயம். அசெட்டசோலமைடு, கடையில் டயமாக்ஸ் என்று கேட்பது. சிறுநீரகம் செய்கிற அந்தச் சரிக்கட்டும் வேலையை இது வேகப்படுத்துகிறது. அறிகுறியை மூடி மறைத்துவிடும் என்று பலர் பயப்படுகிறார்கள், அப்படியில்லை. தடுப்புக்கு வழக்கமான அளவு 125 மில்லிகிராம், காலை ஒன்று, மாலை ஒன்று, ஏறுவதற்கு முந்தைய நாளே ஆரம்பிப்பார்கள். நம் ஊரில் 250 மாத்திரைதான் எளிதாகக் கிடைக்கும், பாதியாக உடைக்க வேண்டும். சல்ஃபா மருந்து ஒவ்வாதவர்கள், கர்ப்பிணிகள், இதயம், நுரையீரல், சிறுநீரகத் தொந்தரவு உள்ளவர்கள் டாக்டரிடம் பேசாமல் தொடவே கூடாது, மற்றவர்களும் ஒருமுறை கேட்டுவிடுவது நல்லது. ஊரிலேயே ஒரு நாள் போட்டுப் பாருங்கள். விரல்நுனி மரமரவென்று ஊறும், அடிக்கடி சிறுநீர் வரும், சோடா குடித்தால் சப்பென்று இருக்கும். அதெல்லாம் சகஜம்.

இனி அறிகுறிகள். தலைவலி, அதோடு வாந்தி உணர்ச்சி, பசியின்மை, அசதி, தலைசுற்றல் இவற்றில் ஏதாவது ஒன்று சேர்ந்தால் உயர நோய் என்றே எடுத்துக்கொள்ளுங்கள். நேபாளிகள் "லேக் லாக்யோ" என்பார்கள். வேறு காரணம் உறுதியாகத் தெரிகிற வரை, மலையில் உடம்புக்கு எது வந்தாலும் உயரத்தால் வந்ததாகவே வைத்துக்கொள்ள வேண்டும். இந்த நிலையில் இறங்கியே ஆக வேண்டும் என்றில்லை, ஆனால் ஏறக்கூடாது. அங்கேயே தங்குங்கள், பாரசிட்டமாலோ ஐபுப்ரூஃபெனோ போடுங்கள், கைடிடம் சொல்லுங்கள். பெரும்பாலானவர்களுக்கு ஒன்றிரண்டு நாளில் சரியாகிவிடும், பிறகு ஏறலாம். கூடிக்கொண்டே போனால் இறங்குங்கள். இரவில் தூக்கத்தில் மூச்சு சில நொடி நின்று, பிறகு வேகமாக வந்து, திடுக்கென்று எழுந்தால் பயப்பட வேண்டாம், அந்த உயரத்தில் அது பலருக்கும் நடக்கும்.

அவசரம் என்பது இரண்டு. ஒன்று மூளை வீக்கம்: தள்ளாட்டம், குழறல், சம்பந்தமில்லாத பேச்சு, அளவுக்கு மீறிய தூக்கம். கோட்டில் நடக்கச் சொல்வது இதைப் பிடிக்கத்தான். மற்றது நுரையீரலில் நீர் கோத்துக்கொள்வது. நேற்று வரை முன்னால் நடந்தவர் இன்று கடைசியில் வருகிறார், உட்கார்ந்து கால் மணி நேரம் ஆகியும் மூச்சிரைப்பு அடங்கவில்லை என்றால் அப்போதே சந்தேகப்படுங்கள், இளஞ்சிவப்பு நுரையாகச் சளி வருகிற வரை காத்திருக்காதீர்கள். வறண்ட இருமல் அந்தப் பக்கத்தில் எல்லோருக்கும் இருக்கும். சும்மா இருக்கும்போதும் மூச்சு முட்டுகிறதா என்பதுதான் கேள்வி. இந்த இரண்டிலும் உடனே இறங்க வேண்டும், விடியட்டும் என்று பார்க்கக்கூடாது. மூளை வீக்கத்துக்குக் கொடுக்கிற டெக்ஸாமெத்தசோன், நுரையீரல் நீருக்குக் கொடுக்கிற நிஃபெடிபின், ஆக்சிஜன், ஆளை உள்ளே படுக்கவைத்துக் காற்றழுத்தத்தை ஏற்றக் காலால் பம்ப் அடிக்கிற காமோ பை, எல்லாம் இறங்குகிற வரை தாக்குப்பிடிக்கத்தான்.

ஹெலிகாப்டர் இருக்கிறதே என்பீர்கள். இரவில், மேகத்தில் அது வராது. இன்ஷூரன்ஸ் எடுக்கும்போது 6,000 மீட்டர் வரை மலையேற்றமும் ஹெலிகாப்டர் மீட்பும் உண்டா என்று எழுத்தில் பாருங்கள். லேசான தலைவலிக்கே ஹெலிகாப்டரைக் கூப்பிட்டு இன்ஷூரன்ஸ் பணம் பறித்த மோசடியை 2018இல் நேபாள அரசே விசாரித்தது, அதனால் அந்தப் பக்கமும் கண் இருக்கட்டும். விரலில் மாட்டுகிற ஆக்சிமீட்டரை ரொம்ப நம்ப வேண்டாம், விரல் குளிர்ந்திருந்தால், நகப்பூச்சு இருந்தால் தப்பாகக் காட்டும். 90 காட்டுகிறவன் வாந்தி எடுப்பான், 80 காட்டுகிறவன் பாட்டுப் பாடுவான். ஆளைப் பாருங்கள்.

அன்று இரவு கைடு முதலில் டெக்ஸா கொடுத்தார், பிறகு அவனை நடுவில் விட்டு, போர்ட்டர் ஒரு தோளையும் கைடு மறு தோளையும் பிடிக்க, நான் பின்னால் டார்ச் அடிக்க, துக்லா இறக்கம் வழியாக பெரிசே (4,371) வரை இறங்கினோம். அங்கே ஹிமாலயன் ரெஸ்க்யூ அசோசியேஷன் 1973 முதல் சீசன் மாதங்களில் ஒரு கிளினிக் நடத்துகிறது. இரவு முழுக்க ஆக்சிஜன் வைத்தார்கள். மறுநாள் மதியம் தால் பாத் இரண்டு தட்டு சாப்பிட்டான். மூளை வீக்கம் வந்தவர் அந்தப் பயணத்தில் மறுபடி ஏறக்கூடாது, அதனால் அவனுக்கு பேஸ் கேம்ப் இல்லை, எனக்கும் இல்லை.

இறங்கி வந்தது அவனுக்கு எதுவுமே ஞாபகமில்லை. பலகைக் கோட்டில் நடந்தது மட்டும் ஞாபகம் இருக்கிறதாம். "நேராத்தானேடா நடந்தேன்?" என்று இன்னும் கேட்கிறான்.