எம்.ஆர்.ஐ. படம் கெட்டால் என்ன செய்வது? புதிதாக வேலைக்கு வந்தவர்களுக்கு

கிருஷ்ணகிரியில் ஒரு ஸ்கேன் சென்டரில் டெக்னீஷியனாக இருக்கிறேன். புதிதாகச் சேரும் தம்பி, தங்கைகள் படம் கெட்டதும் அதே சீக்வென்ஸை (படம் எடுக்கும் ஸ்கேன் அமைப்பை) அப்படியே திரும்ப ஓட்டுகிறார்கள். அதற்கு முன் கோளாறு எந்தத் திசையில் பரவியிருக்கிறது என்று பாருங்கள்.

1. நிழல் அடுக்கடுக்காக விழுந்தால்

இது அசைவு. படத்தின் ஒரு திசையை ஃப்ரீக்வென்சி என்றும், அதற்குக் குறுக்கே உள்ள திசையை ஃபேஸ் என்றும் சொல்வோம். ஃப்ரீக்வென்சி திசையில் ஒரு வரியைப் படிக்கச் சில மில்லி வினாடிகள் போதும். ஃபேஸ் திசையில் எல்லா வரிகளும் சேர நிமிடக்கணக்கில் ஆகும். அதனால் நடுவில் நோயாளி எச்சில் விழுங்கினாலும் அதன் நிழல் ஃபேஸ் திசையில்தான் விழும்.

கழுத்தை சாகிட்டலில் (பக்கவாட்டிலிருந்து பார்க்கும் வெட்டில்) எடுக்கும்போது ஃபேஸ் திசையை முன்-பின் என்பதிலிருந்து தலை-கால் என்று மாற்றுங்கள். தொண்டைக்கு முன்னால் ஒரு சாச்சுரேஷன் பேண்ட் (அந்த இடத்துச் சிக்னலை அடக்கும் பட்டை) வையுங்கள். தொண்டை அசைவின் நிழல் மேலே விழாமல் தண்டுவடம் தெளிவாகத் தெரியும்.

ஆனால் பாதிப் பிரச்சினை பேச்சிலேயே தீரும். தேன்கனிக்கோட்டைப் பக்கமிருந்து வந்த ஒரு பாட்டியிடம் "ஆடாதீங்க பாட்டி" என்று சொல்லிச் சொல்லி மூன்று முறை எடுத்தேன். மூன்றும் கலங்கல். அவருக்குத் தெலுங்குதான் தெரியும் என்று அப்புறம்தான் புரிந்தது. "கதலகண்டி" என்று சொல்லி, சத்தம் எவ்வளவு நேரம் கேட்கும் என்பதையும் மகளை விட்டு விளக்கச் சொன்னேன். அடுத்த படம் சுத்தமாக வந்தது. நம் மாவட்டத்தில் வேலை பார்ப்பவர்கள் தெலுங்கிலும் கன்னடத்திலும் நாலு வார்த்தை கற்றே ஆக வேண்டும்.

2. மூக்கு பின்னந்தலைப் பக்கம் வந்து நின்றால்

எஃப்.ஓ.வி. (படம் பிடிக்கும் பரப்பு) சிறிதாகிவிட்டது. அதைப் பெரிதாக்குங்கள், இல்லை ஃபேஸ் ஓவர்சாம்ப்ளிங்கைக் (ஃபேஸ் திசையில் அந்தப் பரப்புக்கு வெளியேயும் சேர்த்துப் படிப்பதை) கூட்டுங்கள். நேரம் கொஞ்சம் கூடும். மேலே சொன்னபடி தலை-கால் என்று மாற்றும்போதும் இது தேவைப்படும்.

3. கருப்புக் குழியும் சுற்றிலும் வெள்ளை விளிம்பும் தெரிந்தால்

உலோகம். ஊக்கு, ஹேர்பின், அரைஞாண், தாயத்து எல்லாம் உள்ளே வருமுன்பே கழற்றியிருக்க வேண்டும். உடம்புக்குள் பிளேட், ஸ்க்ரூ இருந்தால் முதலில் அது எம்.ஆர்.ஐ.க்கு ஏற்றதா என்று உறுதி செய்யுங்கள். பிறகு உலோகத்தால் அதிகம் கெடும் கிரேடியன்ட் எக்கோ சீக்வென்ஸை விட்டு, குறைவாகக் கெடும் டர்போ ஸ்பின் எக்கோவுக்குப் போங்கள். பேண்ட்விட்த்தைக் (சிக்னலைப் படிக்கும் அலைவரிசை அகலத்தை) கூட்டுங்கள். கொழுப்பின் சிக்னலை அடக்க ஃபேட்சாட்டுக்குப் பதில், உலோகத்தால் அவ்வளவு கெடாத ஸ்டிர் முறையைப் போடுங்கள். குழி சுருங்கும், முழுதாகப் போகாது.

ஓசூர் தொழிற்சாலைகளில் கிரைண்டிங், வெல்டிங் செய்பவர்கள் வந்தால் கண்ணில் எப்போதாவது இரும்புத் தூள் பட்டதா என்று கட்டாயம் கேளுங்கள். இது படத்துக்காக இல்லை, அவர் கண்ணுக்காக. ஆம் என்றால் முதலில் எக்ஸ்ரே. ரேடியாலஜிஸ்ட் சரி என்ற பிறகுதான் உள்ளே.

4. ஜிப் மாதிரி புள்ளிக்கோடு ஓடினால்

அறைக்கதவு சரியாக மூடியிருக்கிறதா என்று பாருங்கள். 1.5 டெஸ்லா காந்த வலிமையுள்ள இயந்திரம் சுமார் 64 மெகாஹெர்ட்ஸில், அதாவது ரேடியோ அலையில், வேலை செய்கிறது. வெளி ரேடியோ அலை உள்ளே புகுந்தால் இந்தக் கோடு வரும். கதவு மூடியும் வந்தால் இன்ஜினியரைக் கூப்பிடுங்கள்.

எதைச் செய்தும் போகவில்லையா? கெட்ட படத்தை அழிக்காமல், எதையெல்லாம் மாற்றிப் பார்த்தீர்கள் என்று எழுதி ரேடியாலஜிஸ்டுக்கு அனுப்புங்கள்.