டார்ச் மங்கினால் பின் மூடியைக் கழற்றிப் பாருங்கள்

என் சட்டைப்பையில் எப்போதும் ஒரு சின்ன எல்இடி டார்ச் இருக்கும். ஒரே ஒரு ஏஏ பேட்டரி, அலுமினிய உடம்பு, பின்னால் அமுக்கும் பட்டன். கொஞ்ச நாளாக அது போட்டதும் பளிச்சென்று எரியும், இரண்டே நிமிஷத்தில் மங்கிவிடும். உள்ளங்கையில் ஒரு தட்டுத் தட்டினால் பழையபடி வெளிச்சம் வரும். இரண்டு முறை புது பேட்டரி போட்டும் மாறவில்லை. கடைசியில் கோளாறு பின் மூடிக்குள் இருந்தது. அதைத் தேடிப் பிடித்த வழியைச் சொல்கிறேன்.

எல்இடி போய்விட்டது என்று முடிவு கட்டாதீர்கள். அது தேய்ந்து மங்கப் பல ஆயிரம் மணி நேரம் எரிந்திருக்க வேண்டும். பெரும்பாலும் மின்சாரம் அதுவரை போய்ச் சேர்வதில்தான் சிக்கல் இருக்கும்.

முதலில் டார்ச்சைத் தொட்டுப் பாருங்கள். தலைப்பகுதி நன்றாகச் சுட்டால், அது கோளாறே இல்லாமல் இருக்கலாம். அதிக வெளிச்சம் தரும் சின்ன டார்ச்சுகள் பலவற்றில், சூடு ஏறாமலிருக்க உள்ளே இருக்கும் சர்க்யூட்டே வெளிச்சத்தைக் குறைத்துவிடும். ஃபேன் காற்றில் பிடித்துப் பாருங்கள். மங்குவதற்கு முன்பைவிட அதிக நேரம் எடுத்தால் சூடுதான் காரணம். என் டார்ச் குளிர்ந்தே இருந்தது.

அடுத்தது பேட்டரி. புது அல்கலைன் என்றால் மல்டிமீட்டரில் 1.5 வோல்ட்டுக்குச் சற்று மேலே காட்டும். ரீசார்ஜ் செய்யும் நிக்கல் வகை, பயன்பாட்டின் பெரும்பகுதி நேரம் 1.2 வோல்ட் அருகில்தான் நிற்கும். அதைப் பார்த்து ‘தீர்ந்துவிட்டது’ என்று நினைக்க வேண்டாம். லித்தியம் அயான் முழுதாகச் சார்ஜ் ஆனால் 4.2 வோல்ட். ஆனால் சும்மா இருக்கும்போது நல்ல வோல்டேஜ் காட்டிவிட்டு, டார்ச் எரியும்போது சரிந்துவிடும் பேட்டரிகளும் உண்டு. நன்றாக வேலை செய்யும் வேறொரு கருவியிலிருந்து பேட்டரியை எடுத்துப் போட்டுப் பார்ப்பதை மீட்டரைவிட நான் நம்புகிறேன். இரண்டு மூன்று பேட்டரி போடும் டார்ச் என்றால் பழையதையும் புதியதையும் கலக்காதீர்கள். உப்பிய லித்தியம் பேட்டரியை மறுபடி சார்ஜ் செய்யவே கூடாது.

பேட்டரி சரி என்றால் இப்போது முக்கியமான சோதனை. பின் மூடியைக் கழற்றுங்கள். தோல் சீவிய தடித்த செம்புக் கம்பித் துண்டு ஒன்றை எடுத்து, ஒரு முனையைப் பேட்டரியின் வெளியே தெரியும் அடிப்பக்கத்திலும், மறு முனையை டார்ச் உடம்பான குழாயின் பளபளக்கும் விளிம்பிலும் வையுங்கள். விளிம்பில்தான் வைக்க வேண்டும். மேல் வண்ணப் பூச்சு மின்சாரத்தைக் கடத்தாது. டார்ச் எரியும். வெளிச்சம் மங்காமல் நின்றால் கோளாறு மூடியில். அப்போதும் மங்கினால் தலைப்பக்கம் பார்க்க வேண்டும். எனக்குக் கம்பியில் பத்து நிமிஷம் அசையாமல் எரிந்தது. சில நிமிஷச் சோதனை இது. முதலிலேயே செய்திருந்தால் இரண்டு பேட்டரி மிஞ்சியிருக்கும்.

மூடிக்குள் எட்டிப் பாருங்கள். ஸ்பிரிங்கைச் சுற்றி ஒரு வளையம், அதில் எதிரெதிராக இரண்டு சின்னக் குழிகள் இருக்கும். சுவிட்ச்சை இறுக்கிப் பிடிப்பது அந்த வளையம்தான். திறந்து மூடிப் பழகப் பழக அது லூசாகும். மின்சாரம் அதன் வழியாகவே குழாய்க்குப் போவதால், லூசானால் தடை கூடும், வெளிச்சம் குறையும்; தட்டினால் ஒரு கணம் சரியாகும். கூர்மூக்குக் குறடின் இரு முனைகளையும் குழிகளில் வைத்து வலப்பக்கம் மெதுவாகத் திருப்புங்கள். எனக்குக் கால் சுற்றுதான் திரும்பியது. சில டார்ச்சில் மரை எதிர்ப்பக்கமாக இருக்கும்; சுற்றும்போது வளையம் மேலே எழும்பி வந்தால் உடனே நிறுத்தி மறுபக்கம் திருப்புங்கள்.

மூடி கையில் இருக்கும்போதே மரையையும் துடைத்துவிடுங்கள். சட்டைப்பைப் பஞ்சும் வியர்வையும் சேர்ந்து கறுப்பாக ஒரு மசி படிந்திருக்கும். ஐசோப்ரொப்பைல் ஆல்கஹாலில் நனைத்த பஞ்சுக் குச்சி போதும். குழாய் விளிம்பையும் ஸ்பிரிங் நுனியையும் பென்சில் ரப்பரால் தேயுங்கள். உப்புத்தாள் வேண்டாம், முலாம் போய்விடும். அல்கலைன் பேட்டரி கசிந்து வெள்ளையாகப் பூத்திருந்தால் வினிகர் தொட்ட குச்சியால் துடைத்து, பிறகு ஆல்கஹாலால் துடைத்து நன்றாகக் காயவிடுங்கள். கையில் உறை போட்டுக்கொள்ளுங்கள், அந்தக் கசிவு தோலை அரிக்கும்.

ஸ்பிரிங் அமுங்கிக் குட்டையாகியிருந்தால் இடுக்கியால் லேசாக இழுத்துவிடலாம். இதெல்லாம் செய்தும் கம்பிச் சோதனையில் மங்குகிறதென்றால், தலையை இறுக்கிப் பாருங்கள். அங்கேயும் அதே மரை, அதே அழுக்குதான். அதற்குப் பிறகும் மங்கினால் உள்ளே சர்க்யூட் பலகையில் ஒரு பற்றவைப்பு விட்டிருக்கலாம். சாலிடரிங் தெரிந்தவர் கையில் கொடுங்கள்.