மலிவு விலை மைக்ரோஸ்கோப்பில் தெளிவான படம்: புதியவர்களுக்கான செய்முறை

தென்காசிப் பக்கம் எங்கள் புளியரையில் சாரல் பிடித்துவிட்டால் வயல் வரப்பெல்லாம் பாசிதான். அதைப் பார்க்கவென்று அக்கா மகள் தன் புது மைக்ரோஸ்கோப்போடு வந்தாள். "மாமா, எதை வச்சாலும் புகை மாதிரி தெரியுது" என்றாள். கருவியில் கோளாறு ஒன்றும் இல்லை. ஸ்லைடும் (பொருளை வைத்துப் பார்க்கும் கண்ணாடித் துண்டு) வெளிச்சமும்தான் சரியில்லை.

பெட்டியில் 1200 மடங்கு என்று போட்டிருந்தால் அதை மறந்துவிடுங்கள். கீழ் லென்ஸின் பக்கவாட்டில் 40/0.65 என்பது போல எழுதியிருக்கும். 40 என்பது அந்த லென்ஸ் பெரிதாக்கும் மடங்கு (40 எக்ஸ்), 0.65 என்பது அது ஒளியைச் சேர்க்கும் திறன். அந்த 0.65ஐ ஆயிரத்தால் பெருக்கினால் 650 மடங்கு. அதற்கு மேல் பெரிதாக்கினால் மங்கல்தான் பெரிதாகும்.

ஸ்லைடு. வெங்காயத்தில் ஒரு இதழை எடுத்து, அதன் குழிந்த பக்கத்தில் ஒட்டியிருக்கும் மெல்லிய தோலை நகத்தால் கிள்ளி உரியுங்கள். ஈயின் இறகு மாதிரி ஒளி ஊடுருவ வேண்டும். ஸ்லைடில் ஒரே ஒரு சொட்டுத் தண்ணீர் விட்டு, தோலை மடங்காமல் விரியுங்கள். மேலே மூடும் மெல்லிய கண்ணாடியான கவர் ஸ்லிப்பின் ஒரு விளிம்பை முதலில் தண்ணீரில் தொட வைத்து, ஊசி முனையில் தாங்கி மெல்லச் சாயுங்கள். பொத்தென்று போட்டால் காற்றுக் குமிழி மாட்டிக்கொள்ளும். கறுப்பு விளிம்போடு வட்டமாகத் தெரியும் அந்தக் குமிழியைத்தான் பலர் செல் என்று நினைத்துவிடுகிறார்கள். தண்ணீர் மிஞ்சினால் ஓரத்தில் காகிதத் துண்டை வைத்து உறிஞ்சிவிடுங்கள். ஒரு சொட்டு நீர்த்த அயோடின் விட்டால் உட்கரு பழுப்பாக எடுத்துக்காட்டும்.

கவர் ஸ்லிப் இல்லாமல் 40 எக்ஸ் லென்ஸைக் கொண்டுபோகவே வேண்டாம். அது 0.17 மி.மீ. கண்ணாடியைக் கணக்கில் வைத்தே செய்யப்பட்டது. தவிர, ஈரத்தில் லென்ஸ் முட்டும்.

வெளிச்சம். நான் அதிக நேரம் செலவிடுவது இதில்தான். ஸ்லைடு வைக்கும் மேடைக்கு அடியில், ஒளியைக் கூட்டிக் குறைக்கும் டயஃப்ரம் இருக்கும். முழுக்கத் திறந்து வைத்தால் வெள்ளை வெளிச்சத்தில் செல் சுவர் கரைந்துபோகும். கண் வைத்துப் பார்க்கும் மேல் லென்ஸான ஐபீஸைக் கழற்றிக் குழாய்க்குள் பார்த்தபடியே, ஒளி வட்டம் முக்கால்வாசியாகச் சுருங்கும்வரை மூடுங்கள். திரும்ப மாட்டிப் பாருங்கள், செங்கல் அடுக்கியது போலச் சுவர்கள் எழுந்து நிற்கும். இன்னும் மூடினால் விளிம்புகள் இரட்டைக் கோடாகிவிடும். லென்ஸ் மாற்றும்போதெல்லாம் இதைத் திரும்பச் செய்ய வேண்டும். டயஃப்ரத்துக்குப் பதில் ஓட்டைத் தட்டு இருந்தால் ஒவ்வொரு ஓட்டையாக வைத்துப் பாருங்கள்.

விளக்குக்குப் பதில் ஒளியைத் திருப்பிவிடும் கண்ணாடி வைத்த கருவிக்கு நம்மூர்ச் சாரல் வானம் ஒரு வரம். வெள்ளையாக மூடிய மேகத்தின் பக்கம் திருப்பினால் ஒளி சீராக வரும். நேர் வெயிலுக்கு மட்டும் திருப்பவே கூடாது, கண் போய்விடும்.

ஃபோகஸ். எப்போதும் 4 எக்ஸில் தொடங்குங்கள். பக்கவாட்டில் குனிந்து பார்த்தபடி மேடையை லென்ஸுக்கு அருகே ஏற்றுங்கள். அப்புறம் ஐபீஸில் கண்ணை வைத்து, மேடை இறங்கும் திசையில் திருகுங்கள். தெளிந்ததும் 10, பிறகு 40. நாற்பதில் சின்னத் திருகை மட்டும் தொடுங்கள்.

போன். ஜூம் வேண்டாம். ஐபீஸுக்கு மேலே முன்னும் பின்னும் நகர்த்தி, ஒளி வட்டம் முழுசாகத் தெரியும் இடத்தில் நிறுத்தி, 2 வினாடி டைமர் வைத்துவிட்டுக் கையை அசைக்காமல் எடுங்கள்.

படத்தில் கறை தெரிகிறதா? ஐபீஸைச் சுழற்றுங்கள். கறையும் சுழன்றால் அது ஐபீஸில் இருக்கிறது. ஸ்லைடோடு நகர்ந்தால் ஸ்லைடில். படம் முழுக்கவே மங்கலாக இருந்தால் கீழ் லென்ஸைச் சந்தேகியுங்கள். அக்கா மகள் கவர் ஸ்லிப் போடாமல் பார்த்ததில் வெங்காயத் தண்ணீர் அங்கே காய்ந்து ஒட்டியிருந்தது. தூசியை ஊதுபந்தால் நீக்கிவிட்டு, லென்ஸ் காகிதத்தால் துடைத்தோம். சட்டை நுனியால் துடைத்தால் கீறல் விழும்.

சாரல் மாதங்களில் லென்ஸில் பூஞ்சை பிடிக்கும். இறுக்கமான டப்பாவில் சிலிக்கா ஜெல் பையோடு வையுங்கள்.

எல்லாம் முடிந்ததும் வரப்புப் பாசியில் ஒரு இழையை எடுத்து வைத்தோம். உள்ளே பச்சை நாடா ஸ்பிரிங் போலச் சுற்றிக் கிடந்தது. ஸ்பைரோகைரா! நாற்பதுக்குப் போகவே இல்லை, 10 எக்ஸிலேயே தெரிந்தது.