ஓப்பன் சோர்ஸால் யாருக்கு என்ன லாபம்: பாம்பன் பக்கம் இருந்தே ஆராய்வது எப்படி?

கல்லூரி புராஜெக்டுக்கோ சொந்த ஆர்வத்துக்கோ ஓப்பன் சோர்ஸின் (நிரலை யாரும் பார்க்கலாம், மாற்றலாம், பகிரலாம் என்று திறந்துவிட்ட மென்பொருளின்) பயனை ஆராய இறங்குகிறீர்கள் என்றால், "மென்பொருள் இலவசம், அதனால் இத்தனை ரூபாய் மிச்சம்" என்ற கணக்கை முதலில் ஓரமாக வையுங்கள். அது சின்னப் பகுதிதான்.

ஹார்வர்டு பிசினஸ் ஸ்கூல் 2024-இல் வெளியிட்ட ஓர் ஆய்வு இதை இரண்டு விதமாக அளந்தது. பரவலாகப் புழங்கும் ஓப்பன் சோர்ஸ் நிரல்களை ஒரே ஒரு தடவை திரும்ப எழுத 415 கோடி டாலர் போதும். ஆனால் அவற்றைப் பயன்படுத்தும் ஒவ்வொரு நிறுவனமும் தனித்தனியாக எழுத வேண்டி வந்தால் 8.8 லட்சம் கோடி டாலர் ஆகுமாம். அந்த இரண்டுக்கும் நடுவில் இருப்பதைத்தான் நீங்கள் தேட வேண்டும். ஆக, பயன்படுத்துகிறவர்களிடம் நீங்கள் கேட்க வேண்டிய முக்கியக் கேள்வி: இது இல்லாவிட்டால் என்ன செய்திருப்பீர்கள்?

மீனவர்களிடம் கேட்கத் தோதான காலம் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை. மீன்பிடித் தடைக்காலம், விசைப்படகுகள் கரையில் நிற்கும், பழுது பார்த்துக்கொண்டே பேச ஆள் கிடைப்பார்கள். ஆனால் "ஓப்பன் சோர்ஸ் பயன்படுத்துறீங்களா?" என்று கேட்டால் எல்லாரும் இல்லை என்பார்கள், உங்கள் ஆராய்ச்சி அங்கேயே முடிந்துவிடும். "அண்ணே, கடலுக்குப் போறதுக்கு முன்னாடி போன்ல என்ன பாப்பீங்க?" என்று ஆரம்பியுங்கள். காற்று, அலை, மீன் கிடைக்கும் இடம் என்று சொல்லிக்கொண்டே வருவார். அந்தச் செயலியின் செட்டிங்ஸுக்குள் போனால் பெரும்பாலும் ஓப்பன் சோர்ஸ் லைசென்ஸ் என்று ஒரு பக்கம் இருக்கும், யாரும் திறந்தே பார்க்காத பக்கம். அதில் இருக்கும் பெயர்களைக் குறித்துக்கொள்ளுங்கள். அது ஆண்ட்ராய்டு போன் என்றால் அடியில் ஓடுவதே லினக்ஸ் என்ற ஓப்பன் சோர்ஸ் இயங்குதளத்தின் மையப் பகுதியான கெர்னல்தான்.

ஊருக்கு என்ன பயன் என்று பார்க்க, 2004-இல் தொடங்கிய, யாரும் திருத்தக்கூடிய இணைய வரைபடமான ஓப்பன்ஸ்ட்ரீட்மேப் நல்ல இடம். தங்கச்சிமடத்தில் ஏதாவது ஒரு தெருவைத் தேர்ந்தெடுத்து அதன் வரலாற்றைத் திறந்தால், எந்தக் கணக்கு, எந்தத் தேதியில், எதை மாற்றியது என்று வரிசையாக வரும். உள்ளூர்க்காரர் சேர்த்தது எவ்வளவு, வெளியூரில் இருந்து சாட்டிலைட் படம் பார்த்து வரைந்தது எவ்வளவு என்று ஓரளவு ஊகிக்கலாம். படகுத்துறைக்குப் போகும் சந்து விட்டுப்போயிருந்தால் நீங்களே சேர்த்துவிடுங்கள், ஆனால் அந்தப் பதிவை உங்கள் ஆராய்ச்சிக் கணக்கில் சேர்த்து எண்ணிவிடாதீர்கள்!

இன்னொன்று. லினக்ஸ் வைத்திருக்கும் ஐஸ் கம்பெனி நன்றாக ஓடினால், லினக்ஸால்தான் ஓடுகிறது என்று எழுதிவிடாதீர்கள். முதலாளியின் மகன் கம்ப்யூட்டர் படித்தவராக இருக்கலாம். அதே அளவுள்ள வேறொரு ஐஸ் கம்பெனியோடு ஒப்பிட்டுப் பாருங்கள். செலவுப் பக்கத்தையும் விடாதீர்கள்: கெட்டுப்போனால் யார் வந்து பார்க்கிறார்கள், கற்றுக்கொள்ள எத்தனை நாள் போனது? 2014-இல் ஹார்ட்ப்ளீட் என்ற பாதுகாப்பு ஓட்டை வெளிவந்தபோதுதான், இணையத்தில் பெரும்பகுதி நம்பியிருந்த, தகவலை மறைகுறியாக்கி அனுப்பும் ஓப்பன் சோர்ஸ் நிரலான ஓப்பன்எஸ்எஸ்எல்லை விரல்விட்டு எண்ணக்கூடிய சிலரே பராமரித்தது பலருக்கும் தெரிந்தது. எடுப்பவர் எத்தனை பேர், திருப்பிக் கொடுப்பவர் எத்தனை பேர் என்பதற்குத் தனிப் பத்தி வேண்டும்.

கடைசியில் பெயர், போன் நம்பர், படகு எண் எல்லாவற்றையும் நீக்கிவிட்டு, கேள்வித்தாளையும் அட்டவணையையும் யாரும் எடுத்துப் பயன்படுத்தலாம் என்ற ஓப்பன் லைசென்ஸில் போட்டுவிடுங்கள், தொண்டியிலோ கீழக்கரையிலோ யாராவது அதே கேள்விகளைக் கேட்டுப் பார்க்கட்டும்.