ஷீர் குர்மா திரியாமல், இறுகாமல் இருக்க

ரம்ஜான் பெருநாள் காலையில் பாலில் சேமியா, பேரீச்சை சேர்த்துச் செய்யும் பாயசம்தான் ஷீர் குர்மா. பெங்களூரு சிவாஜிநகர் ரஸ்ஸல் மார்க்கெட் பக்கம் போனால் மெல்லிய சேமியா, உலர் பேரீச்சை, சாரைப்பருப்பு எல்லாம் ஒரே நடையில் வாங்கிவிடலாம். பிறை தெரிந்த இரவே, பெருநாள் தொழுகைக்கு முன் ஏழைகளுக்குத் தரும் தானமான ஃபித்ராவைக் கொடுத்துவிடுங்கள். வாங்கும் வீட்டிலும் காலையில் அடுப்பு எரிய வேண்டுமே. அப்படியே 10 உலர் பேரீச்சையை ஊறப்போடுங்கள். காலையில் கொட்டை நீக்கி, நீளவாக்கில் நறுக்கி நெய்யில் வதக்குங்கள்.

1 லிட்டர் பாலுக்கு 50 கிராம் சேமியா போதும், கூடினால் களியாகிவிடும். சிறு தீயில் பொன்னிறமாக வறுத்தால்தான் குழையாது. பால் முக்கால் பாகமாகச் சுண்டியதும் சேமியா. அது வெந்த பிறகே 100 கிராம் சர்க்கரை. பேரீச்சையை அடுப்பை அணைத்து, 5 நிமிடம் ஆறவிட்டுச் சேருங்கள். கொதிக்கும்போது போட்டால் பால் திரியலாம், அதுவும் முந்தைய நாள் பால் என்றால் கேட்கவே வேண்டாம். தொழுகை முடிந்து வருவதற்குள் இறுகிவிட்டால் சூடான பால் ஊற்றிக் கிளறுங்கள், தண்ணீர் வேண்டாம்.